ஜியாங் சென்னுக்குக் கூச்சமாம்! யார் சொன்னது?

எட்டாவது மாடி:

நேற்று ஒருவர் "கூச்ச சுபாவப் பையன், கலகலப்பான பெண்: பார்த்தே ஆக வேண்டிய சீனத் தொடர்கள்" என்று ஒரு பட்டியல் போட்டிருந்தார். முதல் இடத்தில் 'எ லவ் சோ பியூட்டிஃபுல்'. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். 2017 நவம்பரில் டென்சென்ட் வீடியோவில் வந்த தொடர். ஜாவ் சியென்சியென் எழுதிய நாவல்தான் மூலம். படிப்பில் புலியான பையன் ஜியாங் சென்னாக ஹூ யீதியென் நடித்தார். அவன் பின்னாலேயே சுற்றும் சென் ஷியாவ்ஷியாக ஷென் யுவே. பள்ளிக்கூடத்தில் தொடங்கி, அவன் டாக்டராகி, அவள் படம் வரைகிறவளாகி, கல்யாணம் வரை போகிற கதை.

இதில் அவன் எந்த இடத்தில் ஐயா கூச்சப்பட்டான்? அவள் ஆசையாக ஏதோ சொல்ல வருவாள். இவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடையைக் கட்டுவான். எங்கள் ஊரில் அதற்குத் திமிர் என்று பெயர். கூச்சத்துக்கும் திமிருக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் பட்டியல் போடாமல் இருப்பது நல்லது.

பின்பெஞ்சு:

பட்டியல் போட்டது நான்தான் அக்கா. "ஒருவர்"னு மறைச்சு எழுத வேண்டாம், நேராவே திட்டலாம்.

முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறதுதான் கூச்சமே. நேருக்கு நேர் நின்னா முகம் காட்டிக் கொடுத்துடும்ங்கிற பயம். பிடிக்காதவளா இருந்தா வூ போசோங்னு இன்னொரு பையன் புதுசா வந்து சேர்ந்ததும் இவனுக்கு ஏன் வயிறு எரியணும்? தொடரை ஓட்டி ஓட்டிப் பார்த்தா இப்படித்தான் தெரியும்.

எட்டாவது மாடி:

ஓட்டிப் பார்த்தேனா? மூன்று முறை முழுசாகப் பார்த்தவள் நான். 

பொறாமை வேறு, கூச்சம் வேறு தம்பி. திமிர் பிடித்தவனுக்குத்தான் பொறாமை அதிகம் வரும். தன் பின்னாலேயே வந்துகொண்டிருந்தவள் இன்னொருவனோடு சிரித்தால் அவனுக்குப் பொறுக்காது. நீச்சல்காரன் வூ போசோங் அவள் அழும்போது கூட நிற்கிறான், சிரிக்க வைக்கிறான். ஜியாங் சென் என்ன செய்கிறான்? முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான். திரும்பவும் கேட்கிறேன், அது கூச்சமா?

வரிவரியாய்:

ரெண்டு பேருமே கதை எங்க நடக்குதுங்கிறதை விட்டுட்டுப் பேசறீங்க. சீனாவுல பள்ளிப் பருவக் காதலுக்கு 'சாவ்லியென்'னு ஒரு வார்த்தை இருக்கு. காலத்துக்கு முன்னாடியே வந்த காதல்னு அர்த்தம். நல்ல வார்த்தையா யாரும் அதைச் சொல்றதில்லை. டீச்சர் காதுக்குப் போனா பெத்தவங்களைக் கூப்பிட்டு விடுவாங்க. மேல்நிலைப் பள்ளி மூணு வருஷமும் 'காவ்காவ்' நுழைவுத் தேர்வை நினைச்சேதான் ஓடும். வழக்கமா ஜூன் 7ஆம் தேதி தொடங்குற தேர்வு. சாயங்காலம் வகுப்பு முடிஞ்சாலும் ராத்திரி வரைக்கும் வகுப்பறையிலேயே உட்கார்ந்து படிக்கணும். மேஜை மேல அடுக்கி வச்ச புத்தகத்துக்குப் பின்னாடி பசங்க தலையே தெரியாது. அப்படி ஒரு இடத்துல முதல் மாணவனா இருக்கறவன் பல்லைக் காட்டிக்கிட்டா நிப்பான்?

எட்டாவது மாடி:

அந்த விதி அவளுக்கும் உண்டுதானே? அதே பள்ளி, அதே டீச்சர், அதே தேர்வு. மதிப்பெண் குறைவாக வாங்குகிற அவளுக்குத்தான் திட்டு அதிகம் விழும். அவள் மறைக்கவில்லையே! அவனைப் பிடிக்கும் என்று ஊருக்கே தெரிகிற மாதிரி நடந்துகொள்கிறாள். மானம் மரியாதை எல்லாவற்றையும் அவள் பணயம் வைப்பாள், இவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான், அதற்கு நீங்கள் தேர்வைக் காரணம் சொல்வீர்கள். 

சீனத்திலேயே இவனைப் போன்ற பையன்களுக்குச் சரியான வார்த்தை இருக்கிறது: 'காவ்லெங்'. காவ் என்றால் உயரம், லெங் என்றால் குளிர். எட்டாத உயரத்தில் சில்லென்று நிற்கிறவன். கூச்சத்துக்கு அங்கே வேறு வார்த்தை, 'ஹாய்ஷியூ'. சீனர்களே இரண்டு வார்த்தை வைத்திருக்கும்போது நாம் ஏன் ஒன்றாகக் குழப்ப வேண்டும்?

பின்யின் பித்தன்:

விவாதத்துக்குள் நான் வரவில்லை. ஒரே ஒரு திருத்தம். 'ஷியாவ்ஷி' தவறு. சீனத்தை ஆங்கில எழுத்துகளில் எழுதும் பின்யின் முறையில் அது எக்ஸ் என்ற எழுத்தால் வருவது. நாக்கு நுனி கீழ்ப்பல்லைத் தொட வேண்டும். 'ஷ' சொல்லும்போது நாக்கு மேலே போய்விடும். நம் 'சி'தான் அதற்கு மிக அருகில் இருக்கிறது. சியாவ்சி என்று எழுதினாலே போதும், கிரந்தம் தேவையே இல்லை. 'ஹாய்ஷியூ'வும் அப்படியே, ஹாய்சியூ.

எட்டாவது மாடி:

நன்றி. ஷியாவ்ஷி என்றுதான் எழுதுவேன். என் காதில் அப்படித்தான் விழுகிறது.

மழைநேரம்:

வழக்கமாக வாசித்துவிட்டுப் போகிறவன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது, எனக்குப் பிடித்த பெண் என் பெஞ்சுக்கு வந்து இயற்பியல் ரெக்கார்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். "ரொம்ப அழகா வரைஞ்சிருக்க" என்றாள். அவ்வளவுதான். உள்ளங்கை வேர்த்து, நோட்டுக்குப் போட்டிருந்த காக்கி அட்டையில் என் விரல் பதிந்த இடமெல்லாம் கருத்துவிட்டது. வாயைத் திறந்தால் என்ன சத்தம் வருமோ என்று பயம். திரும்பி விடுவிடுவென்று சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டேன். அங்கே என் சைக்கிள்கூட இல்லை, அன்று பஸ்ஸில் வந்திருந்தேன். "ரொம்பத்தான் திமிரு" என்று அவள் தோழியிடம் சொன்னதாக ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது.

முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவனுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது அக்கா. ஜியாங் சென்னைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் காக்கி அட்டைதான் ஞாபகம் வருகிறது.

பின்பெஞ்சு:

அண்ணே, கையைக் கொடுங்க. இதுக்கு மேல என்ன வேணும்?

எட்டாவது மாடி:

மழைநேரம், நீங்கள் எழுதியது மனசைத் தொட்டது. ஆனால் ஒரு கேள்வி. அந்தப் பெண்ணை நீங்கள் முட்டாள் என்று சொன்னீர்களா? ஜியாங் சென் அவளை எத்தனை முறை முட்டாள் என்கிறான்! கூச்சம் உள்ளவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், உங்களுக்கு ஒட்டிக்கொண்டது போல. இவனுக்கு நாக்கு நன்றாகவே வேலை செய்கிறது, அவளை மட்டம்தட்ட மட்டும். நீங்கள் கூச்சக்காரர். அவன் இல்லை. உங்கள் கதையே என் பக்கம்தான் சாட்சி சொல்கிறது.

மழைநேரம்:

என் கதை உங்கள் பக்கம் சாட்சி சொல்லவில்லை. நான் எதற்கு எழுதினேனோ அதற்கே விட்டுவிடுங்கள். "முட்டாள்" என்பது அங்கே செல்லமாகவும் சொல்லப்படும்.

எட்டாவது மாடி:

செல்லமாக! அடிக்கிற கைதான் அணைக்கும் என்ற பாட்டைத்தான் நம் பாட்டிகளும் கேட்டுக் கேட்டுச் சலித்தார்கள். 

வரிவரியாய்:

அக்கா, பழசைக் கிளறணும்னு இல்லை. ஆனா போன வருஷம் 'மீட்டியோர் கார்டன்' சண்டையில நீங்க என்ன எழுதினீங்கன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. 2018ல வந்த அந்தத் தொடர்லயும் இதே ஷென் யுவேதான் கதாநாயகி. பணக்காரத் திமிர்ல காலேஜையே ஆட்டி வைக்கிற தாவ்மிங் சியை "உள்ளே குழந்தை மனசு"ன்னு நீங்கதான் பக்கம் பக்கமா தாங்கினீங்க. அவனுக்குக் குழந்தை மனசு, ஜியாங் சென்னுக்கு மட்டும் திமிரா? இது என்ன நியாயம்?

எட்டாவது மாடி:

இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்களா! அன்று நீங்கள் தோற்றது உங்களுக்கு ஆறவில்லை, இங்கே வந்து கணக்குத் தீர்க்கிறீர்கள். தாவ்மிங் சி தன் மனசில் இருப்பதை ஊர் கேட்கச் சொல்கிறவன். தப்பும் செய்வான், அடியும் வாங்குவான். அவனைக் கூச்சக்காரன் என்று எவரும் பட்டியல் போடவில்லையே. என் சண்டை அந்த ஒரு வார்த்தையோடுதான்.

வரிவரியாய்:

தோத்தது நானா? அந்த இழையைப் போய்ப் பாருங்க, கடைசிப் பதிவு என்னோடது.

எட்டாவது மாடி:

கடைசியாகப் பேசுகிறவர் ஜெயித்தவர் ஆகிவிட மாட்டார்.

கொரியா பக்கம்:

இவ்வளவு சண்டை எதுக்குங்க? இதே கதையைக் கொரியாவுல மறுபடி எடுத்தாங்க, 2020 டிசம்பர்ல தொடங்கினது. கிம் யோ ஹான் நடிச்ச சா ஹோன்கிட்ட அந்தக் கடுகடுப்பு குறைவு. அவன் கண்ணைப் பார்த்தாலே உள்ள இருக்கறது தெரிஞ்சிடும். சீனக்காரர் நடிப்புல அது தெரியலைன்னா குறை நடிப்புல.

பின்பெஞ்சு:

ஹூ யீதியென் நடிப்பைக் குறை சொல்ற அளவுக்குப் போயாச்சா? அந்தத் தொடர் வந்தப்புறம்தான் அவரை எல்லாருக்கும் தெரிஞ்சுது. ஒரு முழம் உயரத்துல இருந்து குனிஞ்சு அவளைப் பார்க்கிற பார்வை ஒண்ணு போதும். நகல் எடுத்தவங்க அசலுக்குப் பாடம் நடத்தாதீங்க.

கொரியா பக்கம்:

அசலா? 1990ல டாடா கவோரு தொடங்கின ஜப்பானிய மாங்கா, அதாவது படக்கதை, 'இடாசுரா நா கிஸ்'. படிப்பாளி, யாரையும் மதிக்காத பையன். படிப்பு வராத, வாய் ஓயாத பொண்ணு. அவதான் முதல்ல மனசைச் சொல்றா. தைவான்ல 2005ல எடுத்தாங்க, கொரியாவுல 2010ல எடுத்தாங்க. உங்க அசல் எங்கேர்ந்து வந்துதுன்னு முதல்ல பாருங்க.

பின்பெஞ்சு:

ஜாவ் சியென்சியென் தனி நாவல் எழுதினாங்க. பையன் நல்லா படிச்சா எல்லாக் கதையும் ஒண்ணாயிடுமா?

எட்டாவது மாடி:

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன், கொரியா பக்கத்துக்கு நன்றி. அந்த ஜப்பானியக் கதையின் இரியே நவோகியைக் கூச்சக்காரன் என்று யாராவது சொன்னதுண்டா? கிடையாது. கல்நெஞ்சன் என்றுதான் சொல்வார்கள். அதே வார்ப்புதான் ஜியாங் சென். 

அப்பா இல்லாத வீடு, அம்மாவின் எதிர்பார்ப்பு எல்லாம் அவன் தோளில் இருக்கிறது, தெரியும். அதற்காக நானும் அழுதிருக்கிறேன். இறுகிப்போனவன் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். கூச்சம் என்று சொல்லாதீர்கள். கூச்சம் என்று சொன்ன உடனே அவன் பண்ணியதெல்லாம் மன்னிக்கப்பட்டுவிடுகிறது. அவள் காத்திருந்தது எல்லாம் அவள் தலையெழுத்தாகிவிடுகிறது. பிரிந்து மூன்று வருடம் அவள் பட்ட பாடு யார் கணக்கில் சேரும்?

மழைநேரம்:

இறுக்கமும் கூச்சமும் ஒரே ஆளிடம் இருக்கக்கூடாதா?

எட்டாவது மாடி:

இருக்கலாம். அவனிடம் இல்லை.

புதுவரவு 22:

நான் இன்னும் தொடரே பார்க்கலை. இந்த வாரம் ஆரம்பிக்கலாம்னு இருந்தேன். கல்யாணம், மூணு வருஷப் பிரிவு, எல்லாத்தையும் போட்டு உடைச்சிட்டீங்களே! ஒரு எச்சரிக்கை போட்டிருக்கக் கூடாதா?

வரிவரியாய்:

2017ல வந்த தொடருக்கு என்ன எச்சரிக்கை?

புதுவரவு 22:

எனக்கு அது இந்த வாரத் தொடர்தான்.

பின்யின் பித்தன்:

யாரோ தனிச்செய்தியில் கேட்டார்கள், அதனால் இங்கேயே சொல்கிறேன். இருவர் பெயரிலும் 'சென்' வருகிறதே, சொந்தக்காரர்களா என்று. இல்லை. சீனத்தில் குடும்பப் பெயர் முதலில் வரும். அவளுக்குச் சென் குடும்பப் பெயர். அவனுக்கு ஜியாங்தான் குடும்பப் பெயர், சென் அவன் சொந்தப் பெயர். எழுத்தும் வேறு வேறு. பெயரில் விளையாடுவது சீனத் தொடர்களில் உண்டு. 2016இல் வந்த 'வித் யூ'வில் அவள் பெயர் கெங் கெங், அவன் பெயர் யூ ஹுவாய். சேர்த்துச் சொன்னால் 'கெங் கெங் யூ ஹுவாய்', பழைய மனத்தாங்கலை மறக்காமல் வைத்துக்கொண்டே இருப்பது என்ற மரபுத்தொடரின் ஓசை வந்துவிடும்.

வரிவரியாய்:

இது யாருக்குச் சொன்னது? எனக்கா?

பின்யின் பித்தன்:

பெயரைப் பற்றிச் சொன்னேன். 

வரிவரியாய்:

மனத்தாங்கல்னு இப்ப, இந்த இடத்துல ஏன் சொல்லணும்? எனக்குப் புரியாம இல்லை.

பின்பெஞ்சு:

எது எப்படியோ, என் பட்டியல் மாறாது. முதல் இடம் ஜியாங் சென்னுக்குத்தான். கூச்சக்காரன்தான்.

எட்டாவது மாடி:

மாற்றாதீர்கள். நாளைக்கு நானே ஒரு பட்டியல் போடுகிறேன், "கூச்சக்காரன் என்று தப்பாகப் பெயர் வாங்கியவர்கள்" என்று. முதல் பெயர் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

அதுவரை யாராவது ஒருவர், ஒரே ஒருவர், எனக்கு ஒரு பதில் சொல்லுங்கள். அவள் பேச வரும்போது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற காட்சியில், தெரு முனையில் திரும்பும்போது அவள் வருகிறாளா என்று எதற்கு நின்று பார்க்கிறான்? கூச்சமா? அவள் பின்னால் வருவாள் என்ற நிச்சயம் அது.

மழைநேரம்:

நின்று பார்க்கிறான் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

எட்டாவது மாடி:

முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகுதானே நிற்கிறான்!