மறு: [கலைச்சொல்] யோகாய், தாய்ஜியா – தமிழில் என்ன சொல்வது?

செ., கோவை

குழுவினருக்கு வணக்கம்.

ஜப்பானியப் படக்கதையான மங்கா பற்றிய அறிமுக நூல் ஒன்றை ஒரு சிறு பதிப்பகத்துக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மற்ற இயல்கள் முடிந்துவிட்டன. 'இனுயாஷா' இயலில்தான் நிற்கிறேன். ரூமிகோ தகாஹாஷி 1996 முதல் 2008 வரை வார இதழில் வரைந்து 56 தொகுதிகளாக வந்த கதை. டோக்கியோவில் ஒரு ஷிந்தோ கோயில் வீட்டுப் பெண் ககோமே, வளாகத்துப் பழைய கிணற்றுக்குள் இழுக்கப்பட்டு, ஜப்பான் சிற்றரசர்களின் போரில் சிதறிக் கிடந்த செங்கோகு காலத்தில் போய் எழுகிறாள். அங்கே மனிதர்களோடு 'யோகாய்' எனப்படும் விந்தை உயிர்களும் வாழ்கின்றன.

சாங்கோ என்ற பெண் வரும் இடத்தில்தான் சிக்கல். அவள் ஊரே 'தாய்ஜியா'க்களின் ஊர். யோகாயால் தொல்லைப்படும் ஊரார் கூலி கொடுத்துக் கூப்பிட்டால் போய்க் கொன்றுவிட்டு வருவார்கள். கொன்றதன் எலும்பையும் தோலையும் கொண்டுவந்து ஆயுதமும் கவசமும் செய்வார்கள். சாங்கோ வீசும் ஹிராய்கொட்சு, ஆளுயர வளைதடி, அப்படிப்பட்ட எலும்பால் ஆனது. வரைவில் 'பேயோட்டி' என்று போட்டிருந்தேன். மெய்ப்புப் பார்த்தவர் வட்டமிட்டு அனுப்பிவிட்டார். அவர் சொல்வது சரிதான். அதே கதையில் மிரோகு என்ற துறவி இருக்கிறார். பணக்கார வீடாகப் பார்த்து, கூரைமேல் தீய மேகம் நிற்கிறது என்று சொல்லி, மந்திரத் தாள் ஒட்டி, சாப்பாடும் படுக்கையும் வாங்கிக்கொள்வார். பேயோட்டி என்ற சொல் அவருக்குத்தான் பொருந்தும். சாங்கோ ஓட்டுவதில்லை, கொல்கிறாள்.

யோகாய்க்கு ஒரு சொல், தாய்ஜியாவுக்கு ஒரு சொல், பாதி மனிதனும் பாதி யோகாயுமான 'ஹன்யோ'வுக்கு அதிலிருந்தே கிளைக்கும் ஒரு சொல் வேண்டும். படிக்கப்போவது 14, 15 வயதுப் பிள்ளைகள். அடிக்குறிப்பு இல்லாமல் புரிய வேண்டும்.

---

இரா., மதுரை

அன்புள்ள செ. அம்மாவுக்கு,

சொல் நம் கையிலேயே இருக்கிறது: அணங்கு. "அணங்கே விலங்கே கள்வர்தம் இறைஎனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே" என்கிறது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். அச்சம் தரும் நான்கில் முதலில் வைத்தது அணங்கை. மலையிலும் சுனையிலும் மரத்திலும் உறைவது, ஆளைப் பற்றி வருத்துவது. 'அண்' என்பதை நான் வேராகக் கொள்வேன். அண்மை, அணுகு, அணை எல்லாம் அதன் வழி வந்தவை. நெருங்கி வந்து வருத்துவது அணங்கு. அண்ணம், அண்ணாத்தல் ஆகியவற்றில் மேல்நோக்கிய பொருளும் உண்டு என்பதால், மேலிருந்து இறங்கிப் பற்றுவது என்றும் கொள்ளலாம்.

கொல்பவருக்குத் 'தடிதல்' என்ற வினையை எடுங்கள். "சூர்முதல் தடிந்த சுடரிலை நெடுவேல்" என்று திருமுருகாற்றுப்படை பாடுகிறது. வெட்டி வீழ்த்துவது தடிதல். தடி என்றால் தசை என்றும் பொருள். எலும்பும் தோலும் எடுத்து ஆயுதம் செய்கிறார்கள் என்றீர்களே, அதற்கு இதைவிடப் பொருத்தமான வினை கிடையாது. 'அணங்குதடியர்' என்றோ, இன்னும் சுருக்கமாகச் 'சூர்தடியர்' என்றோ சொல்லலாம். பிள்ளைகளுக்குப் புரியாது என்பதை நான் ஏற்கமாட்டேன். ஜப்பானியப் பெயர்களை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைக்கு ஒரு தமிழ்ச்சொல் பாரமா?

---

மு., சிங்கப்பூர்

ஐயா, நீங்கள் காட்டிய வரிகளைப் படிக்கும்போது சிலிர்த்தது. அணங்கு, இடத்தில் உறைவது என்பதும் யோகாயோடு நன்றாகவே ஒட்டுகிறது. யோகாய் இடத்தைச் சார்ந்தது, யூரெய் என்ற செத்தவர் ஆவி ஆளைத் தேடி வருவது என்று ஜப்பானிய நாட்டாரியல் அறிஞர் யானகிதா குனியோ பிரித்தார். ஆனால் இன்று அணங்கு என்றால் எங்கள் தலைமுறைக்குப் பெண் மட்டுமே. "அணங்குகொல் ஆய்மயில்கொல்லோ" என்ற குறளே அந்த நினைவை நிறுத்தி வைத்துவிட்டது. ஷிப்போ என்ற குட்டி நரிப் பையனை அணங்கு என்றால் படிப்பவர் குழம்புவார். 'தடியர்' பேச்சு வழக்கில் வேறு மாதிரிக் கேட்கும், அதைத் தவிர்க்கவே வேண்டும்.

செ. அக்கா, 'பேய்' என்ற சொல்லையும் அடியோடு விட்டுவிடுங்கள். பேய் என்றால் செத்தவர். கதைநாயகன் இனுயாஷாவின் அண்ணன் செஷ்ஷோமாரு சாகவில்லை. பிறவியிலேயே நாய் இன யோகாய், பெருமிதமும் குலமும் உள்ளவன். ஆனால் கிக்யோ என்ற பூசாரிப் பெண் 50 ஆண்டுகளுக்கு முன்பே இறந்தவள். அவள் எலும்பையும் கல்லறை மண்ணையும் கொண்டு ஒரு கிழவி அவளை மறுபடி எழுப்புகிறாள். செஷ்ஷோமாருவுக்குப் பேய் என்ற சொல்லைக் கொடுத்துவிட்டால் கிக்யோவுக்கு என்ன கொடுப்பீர்கள்? இந்த இருவருக்கும் உள்ள வேறுபாட்டில்தான் கதையின் துயரமே நிற்கிறது. அது மொழிபெயர்ப்பில் போய்விடக் கூடாது.

யோகாய் மிகவும் அகலமான சொல். 1776-ல் தொரியாமா செக்கியென் வெளியிட்ட படநூலில் தொடங்கி எத்தனையோ வகைகளை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். நரி, நீரில் வாழும் கப்பா, இரட்டை வால் பூனை, 100 ஆண்டு பழகிய பாத்திரத்துக்கும் குடைக்கும் உயிர் வந்தது என எல்லாம் யோகாய்தான்.

---

நா., யாழ்ப்பாணம்

வணக்கம். முதலில் ஒரு சிறு விடயம். செ. அவர்கள் முன்பு அனுப்பிய வரைவில் 'நிலப்பிரபுத்துவ யப்பான்' என்று கண்டேன். எங்கள் பாடநூல்களில் 'நிலமானிய முறை' என்றே படித்தோம். நிலத்தை மானியமாகக் கொடுத்துப் படைச்சேவை வாங்குகிற உறவு அந்தச் சொல்லிலேயே விளங்கும். பிரபுத்துவம் என்னும்போது பிரபு மட்டும்தான் தெரிகிறார். இதையும் கவனத்தில் எடுங்கள்.

யோகாய்க்கு 'பூதம்' என்பதை முன்வைக்கிறேன். பூதம் செத்தவர் ஆவி அல்ல, தனி இனம். அதற்கென்று இடமும் உண்டு. புகாரின் சதுக்கப் பூதத்தை நினையுங்கள். பொய்ச்சாட்சி சொன்னவன், புறங்கூறுகிறவன் போன்றவர்களைக் கயிற்றால் கட்டி, புடைத்துத் தின்னும். அடைக்கலக் காதையில் ஒரு பத்தினியின் மேல் பொய்ப்பழி சொன்னவனை அது பிடித்துக்கொள்ளும்போது, கோவலன் தன் உயிரை எடுத்துக்கொண்டு அவனை விடும்படி கேட்கிறான். கீழ்மகன் உயிருக்காக நல்லவன் உயிரை எடுக்கமாட்டேன் என்று பூதம் மறுத்துவிடுகிறது. பேசுகிறது, வாதிடுகிறது, தனக்கென்று ஒரு நெறி வைத்திருக்கிறது. தின்னவும் செய்கிறது. யோகாயின் இந்த இரண்டு முகத்தையும் தாங்கும் வேறொரு சொல் எனக்குத் தெரியவில்லை. புதையல் காக்கும் பூதம் என்று ஆச்சிமார் சொல்லும் கதை கேட்ட பிள்ளைக்கும் உடனே விளங்கும்.

---

இரா., மதுரை

பூதம் வடசொல். அது ஒருபுறம் இருக்க, பூதம் என்றால் நிலம், நீர், தீ, வளி, விசும்பு அல்லவா? யாழ்ப்பாணத்து நண்பர் பாடசாலையில் 'பௌதிகவியல்' படித்திருப்பார். அதுவும் இதே பூதத்தின் பிள்ளைதான். ஒரே சொல்லுக்குள் இயற்பியலையும் இரட்டை வால் பூனையையும் போடுவது கலைச்சொல்லாக்கம் ஆகாது.

அணங்கை இன்றைய வாசகர் பெண் என்று எடுப்பதால் கைவிட வேண்டும் என்கிறார் மு. தம்பி. அதுதான் எனக்கு வருத்தம். ஒரு சொல்லின் முழுப்பொருள் சுருங்கிக்கொண்டே போகும்போது அதை மீட்க இதுபோன்ற வாய்ப்புதான் வரும். நாமே விட்டால் யார் மீட்பது?

---

நா., யாழ்ப்பாணம்

ஐயா, "வடசொற் கிளவி வடஎழுத்து ஒரீஇ" என்று வழிவிட்டவர் தொல்காப்பியரே. பூதத்தில் வடவெழுத்து ஒன்றும் இல்லை. சிலம்பு எழுதியவர் ஏற்ற சொல்லை நாம் ஏன் தள்ள வேண்டும்? ஐம்பூதக் குழப்பமும் சொற்றொடரில் வராது. கையில் வாளோடு நிற்கும் பூதத்தை நிலம் என்றோ நீர் என்றோ எவரும் வாசிக்கமாட்டார்.

---

கு., சென்னை

நான் அகராதிப் பணியில் இருப்பதால் பின்னொட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

'-கொல்லி' வேண்டாம். பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி என்று அது மருந்துக்கடைக்குப் போய்விட்டது. '-வேட்டுவர்' ஒரு சமூகத்தின் பெயராகவும் இருப்பதால் நான் தொடமாட்டேன். '-அழிப்பாளர்', '-ஒழிப்பாளர்' இரண்டும் அரசாணை வாசனை. 'அரக்கர்' என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: அதை 'ஓனி'க்கு வைத்துக்கொள்ள வேண்டும். கொம்பு முளைத்த ஓனி யோகாயில் ஒரு வகை மட்டுமே. 'டீமன் ஸ்லேயர்' என்று அறியப்படும் 'கிமெட்சு நோ யாய்பா' மங்காவில் கொல்லப்படுபவை ஓனிகள்தான். அந்தக் கதையில் அவை முன்பு மனிதர்களாக இருந்தவை. காலமும் வேறு, 1912-ல் தொடங்கும் தாய்ஷோ காலம். 2025-ல் அதன் படம் தமிழ் பேசித் திரையரங்குக்கு வந்த பிறகு பிள்ளைகள் எல்லாவற்றையும் 'டீமன்' என்றே சொல்கிறார்கள். இந்த நூலாவது ஓனியையும் யோகாயையும் பிரித்துக் காட்டட்டும்.

---

மு., சிங்கப்பூர்

கு. அண்ணன் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். 'தாய்ஜி' என்ற சொல்லை ஜப்பானியர் மொமோதாரோ ஓனிகளை அடக்கிய கதைக்கும் சொல்வார்கள், வீட்டில் கரப்பான் பூச்சி ஒழிப்பதற்கும் சொல்வார்கள். '-யா' என்பது கடைக்கும் தொழில் செய்பவருக்கும் வரும் ஒட்டு. ஆகவே தாய்ஜியா வீரப்பட்டம் இல்லை, ஒரு பிழைப்பின் பெயர். சாங்கோ வேலைக்குக் கிளம்பும்போது பாருங்கள், உடலை ஒட்டிய உடுப்பு, நச்சுப்புகைக்கு முகமூடி, அவ்வளவுதான். தொழிலாளியின் சீருடை. அதனால் 'சூர்தடியர்' போன்ற காப்பியத் தொனி எனக்கு ஒட்டவில்லை. தமிழில் '-காரர்' இந்த வேலையைச் செய்கிறது. பால்காரர், பூக்காரர் என்கிறோமே, அதுபோல் 'பூதவேட்டைக்காரர்'.

---

இரா., மதுரை

ஒரு சொல்லை எளிமையாக்குவது வேறு, தரம் குறைப்பது வேறு. ஊரே அழிந்து, தம்பி பகைவன் கையில் சிக்கிய பெண்ணுக்கு '-காரர்' போதுமா? சரி, அதைப் பிறகு பேசுவோம். ஹன்யோவுக்கு மங்கைபங்கன் என்ற வழக்கைப் பின்பற்றிப் 'பூதபங்கன்' எனலாம், பூதத்தையே வைத்துக்கொள்வதாக இருந்தால். 'அரை' வேண்டாம். இடுப்பும் அரை, மாவு அரைப்பதும் அரை. 'இடைப்பிறவி' என்பதும் நல்ல சொல்.

---

மு., சிங்கப்பூர்

ஐயா, இடைப்பிறவி இனுயாஷாவுக்குச் சரி. தாய் இசாயோய் மனிதப் பெண், தந்தை நாய் யோகாய். அமாவாசை இரவில் வெள்ளை முடி கறுத்து முழு மனிதனாகிவிடுவான். ஆனால் வில்லன் நராக்கும் ஹன்யோதான். அவன் அப்படிப் பிறக்கவில்லை. தீக்காயத்தோடு குகையில் கிடந்த ஒரு கொள்ளைக்காரன் தன் உடலை யோகாய்களுக்குத் தின்னக் கொடுத்து உருவானவன். பிறவி என்ற சொல் அங்கே பொய்யாகிவிடும். இருவரும் ஒரே பெயரைச் சுமப்பதுதான் கதையில் முக்கியம். 'அரைப்பூதம்' போதும் என்று நினைக்கிறேன்.

---

செ., கோவை

அனைவருக்கும் நன்றி. நாளை கோப்பை அனுப்பியாக வேண்டும். பெரும்பாலானோர் சாய்ந்த பக்கமே போகிறேன்: யோகாய் – பூதம், தாய்ஜியா – பூதவேட்டைக்காரர், ஹன்யோ – அரைப்பூதம், ஓனி – அரக்கர். மிரோகுவுக்குப் பேயோட்டி இருக்கட்டும். நிலமானியத்தையும் எடுத்துக்கொண்டேன். அணங்கு எனக்கும் மனதுக்கு நெருக்கமான சொல்தான். ஆனால் வரைவை என் மகளிடம் கொடுத்தபோது அணங்கு வந்த பத்தியை இரண்டாம் முறை படித்தாள், பூதம் வந்த பத்தியை நிற்காமல் படித்துப் போய்விட்டாள். அதற்குமேல் எனக்கு வேறு அளவுகோல் இல்லை.

---

இரா., மதுரை

அச்சுக்குப் போகட்டும் அம்மா, தடுக்கமாட்டேன். ஆனால் குழுவின் சொற்பட்டியலில் யோகாய்க்கு நேரே அணங்கு என்பதும் மாற்றுச்சொல்லாக இருக்க வேண்டும். நீக்கினால் மறுபடி சேர்ப்பேன்.

இன்னொன்று. ஷிக்கோன் நோ தாமாவை 'நாலுயிர்மணி' என்று மொழிபெயர்த்திருக்கிறீர்கள். வீரம், நட்பு, அறிவு, அன்பு என்ற நான்கு கூறுகள் சேர்ந்தது அந்த மணி என்று உங்கள் வரைவே சொல்கிறது. உயிர் வேறு, ஆன்மா வேறு, உளம் வேறு. சித்தாந்த நூல்கள் படித்த யாரும் இதை ஒப்பமாட்டார்கள். தனி இழை தொடங்குகிறேன், இன்றிரவே.