முழங்கை விலகிய பிள்ளை: கை நீள எவ்வளவு நாளாகும்?

மகனுக்கு 10 வயது. ஊஞ்சலிலிருந்து விழும்போது கையை ஊன்றியதில் முழங்கை மூட்டு விலகிவிட்டது. மயக்க மருந்து கொடுத்துப் பொருத்தினார்கள். அப்புறம் எடுத்த எக்ஸ்ரேயில்தான், முழங்கையின் உட்பக்க எலும்பு மேடு பெயர்ந்து, அந்தத் துண்டு மூட்டுக்குள் மாட்டியிருப்பது தெரிந்தது. வளரும் வயதில் அது குருத்தெலும்பால்தான் ஒட்டியிருக்குமாம். அறுவை செய்து ஸ்க்ரூ போட்டார்கள்.

கட்டுப் பிரித்து 3 வாரம். நன்றாக மடக்குகிறான், முழுசாக நீட்ட முடியவில்லை. சுண்டுவிரல் மரத்துப்போயிருந்தது (அந்த விரலுக்குப் போகும் நரம்பு முழங்கையின் உட்பக்க மேட்டை ஒட்டித்தான் ஓடுகிறது), அது தேறிவிட்டது. வீட்டுப் பெரியவர்கள் எண்ணெய் போட்டு உருவச் சொல்கிறார்கள். மருத்துவரோ, இழுத்து நீட்டினால் தசைக்குள் எலும்பு வளரலாம், அவனாகவே அசைக்கட்டும் என்கிறார். நான் மருத்துவர் பக்கம்தான்.

இதே அடிபட்ட பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இருக்கிறீர்களா? கை நேராக எத்தனை மாதம் ஆனது? அழாமல் பயிற்சி செய்யவைக்க என்ன செய்தீர்கள்?