இருபது நிமிடத் தொடர் ஓட்டத்துக்கு மனம் மறுக்கிறது: எப்படிக் கடப்பது?

கேள்வி – அடையாறுவாசி
ஒன்பது வாரங்களில் ஐந்து கிலோமீட்டர் ஓடப் பழக்கும் ‘கவுச் டு 5கே’ திட்டத்தைப் பின்பற்றி, கணினி வேலை முடிந்த பின் மாலையில் எலியட்ஸ் கடற்கரைச் சாலையில் ஓடி வருகிறேன். ஐந்தாம் வாரத்தின் முதல் இரண்டு நாள்களையும் இடையிடையே நடந்து முடித்துவிட்டேன். மூன்றாம் நாள் நடையே இல்லாமல் இருபது நிமிடம் ஓட வேண்டும். முயலும்போதெல்லாம், பத்து நிமிடம் ஆவதற்குள் ‘போதும், நில்’ என்று மனம் சொல்லிவிடுகிறது. மூட்டிலோ கணுக்காலிலோ வலி இல்லை. நெஞ்சிலும் எந்தத் தொந்தரவும் இல்லை. நின்ற சிறிது நேரத்திலேயே மூச்சு சீராகிவிடுகிறது. இப்போது காலணியை எடுக்கவே தயக்கமாக இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் – நெடுந்தூரம்
முதலில் வேகத்தைக் குறையுங்கள். அருகில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடிகிற வேகமே உங்களுக்குரிய வேகம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால், அது இருபது நிமிடத்துக்கான ஓட்டமல்ல. சென்னைக் கடற்கரையில் காற்றின் ஈரப்பதம் மிகுதி என்பதால், வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும், உடற்சூடு தணியாது, தோலுக்குக் கூடுதல் இரத்தம் அனுப்ப இதயமும் விரைந்து துடிக்கும். ஆகவே மனம் ‘நில்’ என்பதைக் கோழைத்தனம் என்று எண்ணி உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். வேகமாக நடப்பவர் உங்களை முந்திச் சென்றாலும் பரவாயில்லை.

பதில் – கடலோரக் காலை
வேகத்தைப் பற்றி மேலே சொன்னது முற்றிலும் சரி. ஆனால் தம்பி, நாள் முழுதும் திரையைப் பார்த்து வேலை செய்துவிட்டு ஓட வருகிறீர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். சாமுவேல் மார்கோராவும் அவருடைய சகாக்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 90 நிமிடம் கணினியில் கவனத்தைப் பிழியும் பணியைச் செய்தவர்கள், அதே நேரம் ஆவணப்படம் பார்த்த நாளைவிடச் சீக்கிரமாகவே மிதிவண்டிப் பயிற்சியைக் கைவிட்டார்கள். இதயமும் தசையும் இரண்டு நாள்களிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இயங்கின. உழைப்பு கடினமாக இருக்கிறது என்ற உணர்வுதான் தொடக்கத்திலிருந்தே கூடியிருந்தது. எனவே இந்த ஒரு ஓட்டத்தையாவது ஞாயிறு அதிகாலைக்கு மாற்றிப் பாருங்கள்.

அவரும் சகாக்களும் செய்த மற்றோர் ஆய்வில், மிதிவண்டிப் பயிற்சியின்போது தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் ஊக்கச் சொற்களை இரண்டு வாரம் பழகியவர்கள், சோர்ந்து நிறுத்தும் வரை தாக்குப்பிடித்த நேரம் 18 விழுக்காடு கூடியது. அந்தச் சொற்களை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள் என்பது முக்கியம். எட்டாம் நிமிடம் வாக்கில் தோள் காதை நோக்கி ஏறுவதும், விரல்கள் தாமாகவே இறுக மூடிக்கொள்வதும் எனக்கு வழக்கம். அப்போது கையை உதறித் தொங்கவிட்டு, ‘மெதுவாப் போ, நிக்காம போ’ என்று அடுத்த விளக்குக் கம்பம் வரை சொல்லிக்கொள்வேன். உங்கள் வாயில் இயல்பாக வருகிற ஒன்றை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பதில் – இரு பிள்ளைகளின் தாய்
எல்லோருக்கும் அதிகாலை வாய்க்காது. மாலைதான் முடியுமென்றால், அலுவலகத்திலிருந்து வந்ததும் கைப்பேசியை எடுக்காமல் கால் மணி நேரம் சும்மா இருந்துவிட்டுப் புறப்படுங்கள். எனக்கு அது பெரிதும் உதவுகிறது. ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் போயிற்று என்றும் நினைக்க வேண்டாம். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக நடுத்தரமாக 66 நாள்கள் ஆயின. சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள்கள் வரை என்று கணித்தார்கள். இடையில் ஒருமுறை தவறியது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

அடையாறுவாசி
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிறு காலை மெதுவாக ஓடிப் பார்க்கிறேன். ஒருவேளை பாதியில் நின்றுவிட்டால், ஐந்தாம் வாரத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

நெடுந்தூரம்
தேவையில்லை. ஒரு நிமிடம் நடந்துவிட்டு, மீதியை ஓடி முடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலவே, புதியவர்களுக்குப் பயிற்சியளித்தபோது ஓட்டத்தின் நடுவே நடப்பதையே ஒரு முறையாக வகுத்தார். அந்த முறையில் மாரத்தான் முடித்தவர்களே ஏராளம். இரண்டு நாள் இடைவெளி விட்டு, அதே இருபது நிமிடத்தை மறுபடியும் முயலுங்கள்.