புதுப்பிப்பு: கேசினோ ஹோட்டலில் குழுவாக அறை எடுப்பது

10 அறைக்கு மேல் என்றால் ஹோட்டலின் குழு விற்பனைப் பிரிவிடம் பேசுங்கள் என்று முந்தைய பதிவில் சொல்லியிருந்தேன். பலரும் கேட்டது: அந்தக் குழு விலையா, அவரவர் பிளேயர்ஸ் கார்டுக்கு (நாம் ஆடுவதைக் கேசினோ பதிவு செய்யும் உறுப்பினர் அட்டை) வரும் சலுகையா, எது லாபம்?

முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள். பிடித்த அறைகளில் 80 சதவீதம் நிரப்ப வேண்டும் என்று இருந்து, 10 அறையில் 7 மட்டும் நிரம்பினால், எட்டாவது அறைக்கும் குழுதான் கட்ட வேண்டும். கடைசி நேரத்தில் இரண்டு பேர் கழன்றுகொள்வது சகஜம்; குறைவாகப் பிடித்துவிட்டு, கெடு தேதிக்குள் கூட்டிக்கொள்ளுங்கள். ரிசார்ட் கட்டணம் (அறை வாடகைக்கு மேல் ஹோட்டல் தனியாக வாங்குவது) தள்ளுபடியில் சேருமா என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கார்டுச் சலுகை நீங்கள் தோற்ற தொகையை மட்டும் வைத்து வருவதல்ல; பெரும்பாலும் கணக்குப்படி தோற்க வேண்டிய தொகைதான் அடிப்படை. இரட்டைப் பூஜ்ய ரூலெட்டில் (சக்கரத்தில் 0, 00 இரண்டும் இருக்கும்) சுற்றுக்கு 20 வைத்து, மணிக்கு 40 சுற்று, 4 மணி நேரம்: மொத்தம் 3,200. அதில் கேசினோவுக்குச் சராசரியாகப் போவது 5.26 சதவீதம், சுமார் 168; இதுதான் கணக்குப்படி தோற்க வேண்டிய தொகை. அதில் ஒரு பகுதிதான் சலுகையாகத் திரும்பும். அறைக்காகக் கூடுதலாக ஆடுவது சுத்த நஷ்டம்.

எல்லோரும் ஒரே கார்டில் ஆடலாமா? கூடாது; பெரும்பாலும் விதிமீறல், கணக்கையே மூடிவிடலாம். நிறைய ஆடுபவர் மட்டும் கேசினோ ஹோஸ்டிடம் (நிறைய ஆடுபவர்களைக் கவனிக்கும் ஊழியர்) தன் அறையைத் தனியாகக் கேட்கட்டும். வந்த இரவு கார்டைப் போட்டுப் பத்து நிமிடம் ஆடினால் அதுவும் ஒரு நாளாகச் சேர்ந்து சலுகைக்குப் பார்க்கும் தினசரி சராசரி இறங்கும்.