கிட்னி மாத்துனவங்க ஷட்டில் ஆடலாமா? அம்மா ரொம்ப பயப்படுறாங்க

ஷட்டில்_தங்கச்சி:
எங்க அண்ணனுக்கு கிட்னி மாத்தி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, குடுத்தது எங்க அம்மா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்த டெஸ்ட் அளவு) ஏறாம ஒரே மாதிரி இருக்கு. இப்போ அண்ணன் பழையபடி ஷட்டில் ஆடணும்னு நிக்கிறான், டாக்டரும் மெதுவா ஆரம்பிங்கன்னு சொல்லிட்டாரு, ஆனா அம்மா விடவே மாட்டேங்குறாங்க. குதிச்சு குதிச்சு என் கிட்னிய கெடுத்துக்காதடான்னு ஒரே புலம்பல். இங்க யாராவது மாத்திட்டு விளையாடுறீங்களா, எதுல கவனமா இருக்கணும்? டயாலிசிஸ்ல இருக்குற அவன் பிரெண்டும் கூட வரேன்னு சொல்றாரு, அவரும் ஆடலாமா?

ரெண்டாவது_இன்னிங்ஸ்:
சிஸ்டர், நானும் மாத்துனவன்தான், ரெகுலரா ஷட்டில் ஆடுறேன். அம்மா பயப்படுறதுல கொஞ்சம் நியாயம் இருக்கு. புது கிட்னிய பழைய இடத்துல வைக்க மாட்டாங்க, அடிவயித்துல இடுப்பு எலும்பு பக்கமா, தோலுக்கு கிட்டவே வச்சிருப்பாங்க, அதனால அங்க நேரா அடி படக்கூடாது. கபடி, பாக்ஸிங், ரக்பி எல்லாம் வேணாம்னுதான் பொதுவா சொல்வாங்க. ஷட்டில்ல நடுவுல நெட் இருக்கு, யாரும் வந்து மோதப் போறதில்ல, டபுள்ஸ் ஆடுனா பார்ட்னர் பேட்ட மட்டும் பாத்துக்கணும். ஆபரேஷன் புண் நல்லா ஆறுனப்புறம் குதிச்சா கிட்னி நகந்துடும்னு பயப்பட வேண்டியதில்ல.

உண்மையில அசையாம உக்காந்திருக்குறதுதான் ஆபத்து. புது கிட்னிய உடம்பு எதிர்க்காம இருக்க குடுக்குற ஸ்டீராய்டு எலும்பையும் தசையையும் பலவீனமாக்கும், சுகர் ஏத்தும், வெயிட் போட வைக்கும், மாத்துன கிட்னி நல்லா வேலை செய்யும்போதே ஹார்ட் பிரச்சனையில போறவங்க நிறைய பேரு. அம்மாகிட்ட இத சொல்லுங்க. அப்புறம் உடம்பு வலிக்குதுன்னு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எதையும் தானா வாங்கி போட்டுடக் கூடாது, கிட்னிக்கு ஆகாது. வெளிய ஆடுனா சன்ஸ்கிரீனும் தொப்பியும் கட்டாயம், எதிர்ப்பு சக்திய குறைக்குற நம்ம மாத்திரைகளால ஸ்கின் கேன்சர் ரிஸ்க் கூடும்.

ஃபிஸ்டுலா_கை:
பிரெண்டுக்கு நான் சொல்றேன், நானும் ஹீமோ டயாலிசிஸ்லதான் இருக்கேன். டாக்டர் ஓகே சொன்னா தாராளமா வரலாம். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போட ரத்தக்குழாய்கள இணைச்சு வச்ச இடம்) இருக்குற கைல அடி விழக்கூடாது, டைட்டா பேண்ட் எதுவும் போடக்கூடாது, முடிஞ்சா பேட்ட இன்னொரு கைல பிடிக்கச் சொல்லுங்க. டயாலிசிஸ் முடிஞ்ச உடனே ஆட வேணாம், பிபி எறங்கி தலை சுத்தும். நடுவுல நாள் இடைவெளி அதிகமா விழுந்து அடுத்த டயாலிசிஸுக்கு முன்னாடியும் வேணாம், அப்போ உடம்புல தண்ணியும் பொட்டாசியமும் சேர்ந்திருக்கும். சோர்வு தீர ஸ்போர்ட்ஸ் டிரிங்க் குடிச்சிடுறவங்க இருக்காங்க, அதுலயும் பொட்டாசியம் இருக்கும், ஜாக்கிரதை. கழுத்துலயோ மார்லயோ டயாலிசிஸுக்கு போட்ட குழாய் (கதீட்டர்) இருந்தா நீச்சல் பக்கமே போகாதீங்க. சில இடங்கள்ல டயாலிசிஸ் ஓடிட்டு இருக்கும்போதே, முதல் பாதியில, படுத்தபடி சைக்கிள் மிதிக்க வைக்கிறாங்க, அதுவும் நல்ல விஷயம்.

புது_துடிப்பு:
எனக்கு மாத்துனது ஹார்ட். நரம்பு இணைப்ப வெட்டித்தான் வைக்கிறாங்க, அதனால ஓட ஆரம்பிச்ச உடனே துடிப்பு ஏறாது, நின்னதும் உடனே எறங்காது. எங்கள மாதிரி ஆளுங்க வார்ம் அப்ப நிதானமா, நீளமா பண்ணணும்.

அம்மாவுக்கு காட்டுறதுக்கு இன்னொன்னு. வேர்ல்ட் டிரான்ஸ்பிளான்ட் கேம்ஸ்னு ஒரு போட்டியே இருக்கு, 1978ல இங்கிலாந்து போர்ட்ஸ்மவுத்ல ஆரம்பிச்சது, 2023ல பெர்த்ல, 2025ல டிரெஸ்டன்ல நடந்துச்சு. ஷட்டிலும் உண்டு. குரோஷியா ஃபுட்பால் பிளேயர் இவான் கிளாஸ்னிச் அப்பா குடுத்த கிட்னியோட 2008 யூரோல போலந்துக்கு எதிரா கோல் அடிச்சாரு. கிறிஸ் கிளக் 2000ல லிவர் மாத்தி, 2002 குளிர்கால ஒலிம்பிக்ஸ்ல ஸ்னோபோர்டிங்ல வெண்கலம் வாங்குனாரு. இறந்தவர் குடும்பம் ஒன்னு சம்மதிக்கலன்னா எனக்கும் இந்த ஹார்ட் இல்ல. அதனால விளையாட வர்ற எல்லார்கிட்டயும் சொல்றேன், உறுப்பு தான கார்டுல கையெழுத்து போட்டா மட்டும் போதாது, வீட்ல வாய் விட்டு சொல்லி வைங்க. மூளைச்சாவு ஆனப்புறம் பல இடங்கள்ல குடும்பத்துகிட்டதான் கேப்பாங்க, அந்த துக்கத்துல அவங்களுக்கு உங்க விருப்பம் தெரியலன்னா பாவம் என்ன முடிவு எடுப்பாங்க? கோமா வேற, மூளைச்சாவு வேற, மூளைச்சாவுல இருந்து யாரும் திரும்ப வர்றதில்ல, இதையும் சேர்த்து சொல்லுங்க. ஒருத்தர் குடுத்தா எட்டு உயிர் வரைக்கும் காப்பாத்தலாம்.

ஷட்டில்_தங்கச்சி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். அம்மாவுக்கு முழுசா வாசிச்சு காட்டுனேன், அவங்க கேக்குறாங்க, குடுத்தவங்களும் ஆடலாமான்னு!

ரெண்டாவது_இன்னிங்ஸ்:
தாராளமா, அவங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு. வருஷா வருஷம் பிபி, யூரின் டெஸ்ட் மட்டும் விட்டுடாம பாக்கச் சொல்லுங்க. முதல்ல கொஞ்ச நாள் ரெண்டு பேரும் சேர்ந்து நடக்கட்டும்.