பூங்குழலியின் பிற்கால வாழ்வை எழுதுகிறேன்: பீட்டா வாசகர்களிடம் கருத்துக் கேட்பது எப்படி?

கொழிஞ்சாம்பாறை வாசகி:
அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் எல்லையோரத்தில் வசிக்கிறேன். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ முடிந்த பிறகு, உத்தம சோழராக முடிசூடிய சேந்தன் அமுதனோடு பூங்குழலி அரண்மனையில் எப்படி வாழ்ந்திருப்பாள் என்பதை ரசிகர் புனைவாக எழுதி வருகிறேன். வெளியிடும் முன் படித்துக் கருத்துச் சொல்லும் பீட்டா வாசகர்களாக இருக்கும்படி தோழியரிடம் கொடுத்தால், “அருமை, அடுத்த அத்தியாயம் எப்போது?” என்கிறார்களே தவிர, கதை எங்கே தளர்கிறது என்று ஒருவரும் சொல்வதில்லை. கோயம்புத்தூர் நண்பர் ஒருவரோ பத்தி பத்தியாகத் திருத்தி, என் நடையே தெரியாதபடி மாற்றிவிட்டார். பயனுள்ள கருத்தைப் பெறுவது எப்படி?

செங்கோட்டை நண்பர்:
சகோதரி, கதையோடு கேள்விகளையும் சேர்த்துக் கொடுங்கள். முகத்துக்கு நேரே குறை சொல்வது மரியாதையில்லை என்று வளர்ந்தவர்களிடம் “எப்படி இருக்கிறது?” என்று கேட்டால், “நன்றாக இருக்கிறது” என்றுதான் பதில் வரும். எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தத் தோன்றியது, நடுக்கடலில் தனியே படகு செலுத்தியவள் அரண்மனையில் நேரும் அவமதிப்பைப் பேசாமல் பொறுத்திருப்பாளா, கொடும்பாளூர் இளவரசி வானதியிடம் அவள் பேசும் தொனி மூலக்கதையோடு பொருந்துகிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள். ஒருவர் ஓரிடத்தில் சலிப்பாக இருந்தது என்றால் அதை அப்படியே நம்புங்கள். ஆனால் அதற்கு அவர் சொல்லும் மாற்றுவழியை ஏற்க வேண்டிய கட்டாயமில்லை, ஏனென்றால் அந்தச் சலிப்புக்கான காரணம் முந்தைய அத்தியாயத்திலேயே இருக்கக்கூடும். கூகுள் ஆவணமாகப் பகிரும்போது திருத்தும் அனுமதியைத் தராமல், கருத்து எழுதும் அனுமதியை மட்டும் தாருங்கள்.

சித்தூர் வாசகர், ஆந்திரம்:
வரலாறு அறிந்த ஒருவரும் உங்களுக்குத் தேவை. சோழர் காலப் புனைவுகளைப் பீட்டா வாசகராகப் படிக்கையில் நான் அதிகம் குறித்து அனுப்புவது சமையற்கட்டுப் பிழைகளைத்தான். மிளகாயும் மரவள்ளிக் கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிற்காலத்தில் வந்தவை. பத்தாம் நூற்றாண்டு அரண்மனையில் காரத்துக்கு மிளகுதான் இருந்திருக்கும். கேரளத்தில் வாழ்வதால், சேர நாட்டில் சோழர் வெற்றி பெற்ற காந்தளூர்ச்சாலையைக் கதைக்குள் கொண்டுவர உங்களுக்கு ஆசை எழலாம். அந்த வெற்றியைச் சொல்பவை 985இல் ஆட்சிக்கு வந்த இராசராசரின் கல்வெட்டுகள் என்பதால், அதை உத்தம சோழர் காலத்தில் வைக்க முடியாது.

அதே வேளையில், சேந்தன் அமுதனே உத்தம சோழர் என்பது கல்கியின் கற்பனை. அதையே பிழையென்று திருத்த முனைபவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் உங்கள் கதைக்கு உதவமாட்டார். பாத்திரங்களை நாவலோடும், பொருள்களையும் காலத்தையும் வரலாற்றோடும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை வாசகி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பூங்குழலியும் வானதியும் சந்திக்கும் அத்தியாயத்தைக் கேள்விகளோடு தோழியருக்கு மீண்டும் அனுப்பப் போகிறேன். சித்தூர் ஐயா, அரண்மனை விருந்து வரும் அத்தியாயத்தைத் தாங்கள் படித்துப் பார்க்க இசைவீர்களா?

சித்தூர் வாசகர், ஆந்திரம்:
மகிழ்ச்சியோடு படிக்கிறேன், அம்மா. அனுப்புங்கள், காலத்துக்குப் பொருந்தாதவற்றை மட்டும் குறித்துத் தருகிறேன், நடையில் கை வைக்கமாட்டேன்.