மூன்று ஜாப் ஷீட், ஒரே பழுது: வாரண்டி இல்லை என்று மறுக்கும் சேவை மையத்திடம் எப்படிப் பேசுவது?

நிலைகொள்ளாதவன் (கேள்வி)

வணக்கம். வாரண்டி முடிய இரண்டு மாதம் இருந்தபோது என் மடிக்கணினியின் திரை விட்டுவிட்டு அணையத் தொடங்கியது. மூடியை ஒரு குறிப்பிட்ட சாய்வுக்குக் கொண்டுபோனால் திரை கறுத்துவிடும். விரலால் மெல்ல முன்னே இழுத்தால் ஒன்றுமே நடவாததுபோல் மீண்டும் ஒளிரும். சேவை மையத்தில் கொடுத்தேன். 9 நாள் வைத்திருந்துவிட்டு, "பழுது எதுவும் காணப்படவில்லை" என்று ஜாப் ஷீட்டில், அதாவது பழுதையும் செய்த வேலையையும் குறிக்கும் தாளில், எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து திறந்த அன்றே திரை அணைந்தது.

இரண்டாம் முறை போனபோது பழுதை அவர்கள் கண்ணெதிரிலேயே காட்ட முடிந்தது. திரைக்குப் போகும் கேபிளை மாற்றினார்கள். 16 நாள் ஆயிற்று. மூன்று வாரம் நன்றாக ஓடியது. பிறகு அதே சாய்வு, அதே கறுப்பு. வாரண்டி முடிய 3 நாள் இருக்கையில் தொலைபேசியில் புகார் பதிந்தேன். அவர்கள் கொடுத்த தேதியோ வாரண்டி முடிந்து 2 நாள் கழித்து. கொண்டுபோய்க் கொடுத்தால், மறுநாள் அழைத்து, "உள்ளே இருக்கும் ஸ்டிக்கர் சிவந்திருக்கிறது, தண்ணீர் பட்டிருக்கிறது, ஆகவே வாரண்டி கிடையாது, அதுமட்டுமல்ல, வாரண்டிக் காலமும் முடிந்துவிட்டது" என்றார்கள். மதர்போர்டையே மாற்ற வேண்டுமாம். அதற்கு அவர்கள் கேட்கும் தொகை புதிய கணினியின் விலையில் ஏறக்குறையப் பாதி.

வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தால் ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுக்கிறார். கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. இதற்கிடையில், கணினி அவர்களுடைய அலமாரியில் இருக்கும்போதே "தங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்ததைப் பார்த்துச் சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. நான் அறிந்தவரை அதன் மீது ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சிந்தியதில்லை. ஆனால் சிந்தவில்லை என்பதை எப்படி நிரூபிப்பது?

பழைய கவுன்ட்டர்க்காரர்

இப்படி ஒரு சேவை மையத்தின் கவுன்ட்டரில் ஆறு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் என்பதால், அந்தப் பக்கத்தில் நடப்பதைச் சொல்கிறேன். நியாயப்படுத்துவதற்காக அல்ல.

பெரும்பாலான சேவை மையங்கள் தயாரிப்பு நிறுவனத்துக்குச் சொந்தமானவை அல்ல. ஒப்பந்தத்தின் பேரில் நடப்பவை. வாரண்டியில் ஒரு பாகத்தை மாற்றினால், பழைய பாகத்தையும் ஜாப் ஷீட்டையும் படங்களையும் நிறுவனத்துக்கு அனுப்பித்தான் மையம் தன் கூலியைப் பெற வேண்டும். அங்கே யாரோ ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, "இது வாடிக்கையாளரால் வந்த சேதம்" என்று தள்ளிவிட்டால், பாகத்தின் விலை மையத்தின் தலையில் விழும். ஆகவே கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் "வாரண்டி இல்லை" என்று சொல்லிவிடுவதே கவுன்ட்டரில் இருப்பவனுக்குப் பாதுகாப்பு. உங்களிடம் கடுமையாகப் பேசியவர் பெரும்பாலும் கெட்டவராக இருக்க மாட்டார், பயந்தவராக இருப்பார்.

அந்தக் குறுஞ்செய்திக்கும் காரணம் உண்டு. ஒரு புகாரை இத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று கெடு இருக்கும். கெடு நெருங்கியதும் பழைய புகாரை மூடிவிட்டுப் புதிய எண்ணில் இன்னொன்றைத் திறப்பார்கள். கணக்கில் எல்லாம் நேரத்துக்கு முடிந்ததாகத் தெரியும். ஆனால் அப்படிச் செய்யும்போது, ஒரே பழுது மூன்று முறை வந்தது என்ற வரலாறு அழிந்து, தொடர்பில்லாத மூன்று புகார்களாக நிற்கிறது. உங்கள் வழக்கின் உயிரே அந்த வரலாற்றில்தான் இருக்கிறது.

இப்போது உங்கள் இரண்டாம் ஜாப் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். கேபிள் மாற்றியிருக்கிறார்கள் என்றால் கணினியைத் திறந்திருக்கிறார்கள். பொருளை வாங்கும்போதும் திறக்கும்போதும் கீறல், உடைசல், திரவத் தடயம் ஆகியவற்றைக் குறிக்க அந்தத் தாளில் கட்டங்கள் இருக்கும். அங்கே என்ன குறித்திருக்கிறது என்று எழுதுங்கள். மிச்சத்தைப் பிறகு பேசலாம்.

சால்டரிங் மேசை

பழுதுபார்ப்பவன் என்ற முறையில் சில வார்த்தைகள். நீங்கள் சொல்லும் அறிகுறி, மதர்போர்டைவிடக் கீலைத்தான் முதலில் காட்டுகிறது. மதர்போர்டிலிருந்து திரைக்குப் போகும் கேபிள், தலைமுடி போன்ற மெல்லிய கம்பிகளின் கட்டு. நுனியில் பெரும்பாலும் 30 அல்லது 40 முனைகள் கொண்ட சிறிய இணைப்பான் இருக்கும். அது கீலின் வழியாக வளைந்து செல்வதால், மூடியைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் மடங்கி நிமிர்கிறது. கீல் இறுகிப்போயிருந்தாலோ, கேபிள் தன் பள்ளத்தில் சரியாக உட்காராமல் நசுங்கினாலோ, புதிய கேபிளும் அதே இடத்தில் அறும். கீலைச் சரிபார்க்காமல் கேபிளை மட்டும் மாற்றினால் மூன்று வாரத்தில் பழுது திரும்புவதில் எனக்கு வியப்பில்லை. "பழுது காணப்படவில்லை" என்ற முதல் முடிவும், மேசையில் வைத்து மூடியை ஒரே சாய்வில் நிறுத்திச் சோதித்தவருடைய முடிவாகவே இருக்க வேண்டும்.

கணினியைத் திரும்பப் பெற முடிந்தால் ஒரு வெளித்திரையை இணைத்துப் பாருங்கள். மூடியை ஆட்டும்போது உள் திரை மட்டும் அணைந்து வெளித்திரையில் படம் அசையாமல் நின்றால், மதர்போர்டின் மீது பழிபோட அவ்வளவாக இடமில்லை. உள் திரை கறுத்திருக்கும்போது ஒரு டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து உற்றுப் பாருங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால் போனது பின்னொளி மட்டும்தான். இரண்டையும் காணொளியாக எடுங்கள். அடிப்பக்கத்தில் இருக்கும் வரிசை எண்ணில் தொடங்கி, வெட்டில்லாமல், மூடியை மெதுவாக நகர்த்துவது வரை ஒரே ஓட்டமாக இருக்கட்டும். விட்டுவிட்டு வரும் பழுதுக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

அடுத்து, அந்தச் சிவந்த ஸ்டிக்கர். அது வெள்ளையாக இருந்து, நீர் பட்டால் நிறம் மாறும் ஒரு துண்டு. தன் மீது ஈரம் பட்டது என்பதைத் தவிர வேறெதையும் அதனால் சொல்ல முடியாது. எப்போது பட்டது, யாருடைய கையில் இருந்தபோது பட்டது, பட்ட ஈரம் மதர்போர்டு வரை போனதா, இந்தப் பழுது அதனால்தான் வந்ததா, இவற்றில் எதற்கும் அதனிடம் பதில் இல்லை. நீர் உண்மையிலேயே சேதம் செய்திருந்தால் இணைப்பான்களின் ஓரத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ துரு பூத்திருக்கும். ஆகவே, "ஸ்டிக்கரின் படம் வேண்டாம், துருப்பிடித்த இடத்தின் படத்தைக் கொடுங்கள்" என்று கேளுங்கள்.

கசப்பனுபவம்

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று தோன்றுகிறது. வாரண்டி முடிந்த மறுவாரமே கெட்டுப்போகும்படிதான் எல்லாவற்றையும் செய்கிறார்கள். என் தொலைக்காட்சியும் அப்படித்தான் போயிற்று. எழுதிப் பயனில்லை என்பது என் அனுபவம்.

சால்டரிங் மேசை

உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் காரணத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தொலைக்காட்சியின் பவர் போர்டில் உருளை வடிவில் நிற்கும், மின்னைத் தேக்கும் கெப்பாசிட்டர்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் மேல் 105 டிகிரி என்று அச்சிட்டிருக்கும். அந்த வெப்பத்தில் அது 2000 மணி நேரம் உழைக்கும் வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது எங்கள் தொழிலில் போடும் தோராயக் கணக்கு. அதே கெப்பாசிட்டர் 65 டிகிரியில் இருந்தால் 32,000 மணி நேரம், அதாவது நாளுக்கு 8 மணி நேரம் ஓடினால் கிட்டத்தட்ட 11 ஆண்டுகள் வரும். பாகங்களின் வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் ஹீட் சிங்க் என்ற உலோகத் துண்டை ஒட்டி வைத்து 85 டிகிரியில் வேகவிட்டால் 8000 மணி நேரம். மூன்று ஆண்டுகூட வராது. யாரும் உள்ளே கடிகாரம் வைக்கவில்லை. இடத்தையும் செலவையும் மிச்சப்படுத்த ஒரு பாகத்தை இரண்டு விரற்கடை தள்ளி வைக்காததன் விலை அது. இதைத் திட்டமிட்ட சதி என்று சொல்வதைவிட, வாரண்டிக் காலம் தாண்டினால் போதும் என்ற அலட்சியம் என்று சொல்வதே பொருந்தும். வாங்கியவருக்கு இரண்டும் ஒன்றுதான் என்றால், அதை மறுக்க என்னிடம் வாதம் இல்லை.

படித்துப்பார்

நிலைகொள்ளாதவன், நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை, ஆகவே பொதுவாக எழுதுகிறேன். நிறுவனம் தரும் வாரண்டி வேறு, விற்ற பொருள் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று சட்டம் விதிக்கும் பொறுப்பு வேறு. முன்னது தீர்ந்துவிட்டால் பின்னதும் தீர்ந்துவிட்டது என்று பேசுவது கவுன்ட்டர்களின் பழக்கம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் புதிய பொருளுக்கு விற்றவரின் பொறுப்பு குறைந்தது 2 ஆண்டுகள். சிங்கப்பூரில் 2012 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை தொடக்கத்திலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் ஆணையத்தில் முறையிடலாம். உங்கள் நாட்டுக்குரியதைத் தேடிப் பாருங்கள்.

எங்கே முறையிட்டாலும் முதலில் கேட்கப்படுவது எழுத்துதான். தொலைபேசியில் பேசியது காற்றோடு போகும். இனி எல்லாவற்றையும் மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள்; தொலைபேசியில் ஏதாவது சொன்னால்கூட, "இன்று தாங்கள் தொலைபேசியில் இவ்வாறு தெரிவித்தீர்கள், தவறாக இருந்தால் திருத்தவும்" என்று அன்றே ஒரு வரி அனுப்புங்கள். கோபத்தை எழுத்தில் கொண்டுவர வேண்டாம். நான் எழுதுவதாக இருந்தால் இவ்வளவுதான் எழுதுவேன்:

"இந்தக் கணினியில் ஒரே பழுது, வாரண்டிக் காலத்துக்குள் மூன்று முறை என்னால் தெரிவிக்கப்பட்டது. மூன்றாம் புகார் வாரண்டி முடிவதற்கு 3 நாள் முன்பு பதிவானது. கொண்டுவரும் தேதியைத் தீர்மானித்தது தாங்கள். திரவச் சேதம் என்று கூறுவதற்கு ஆதாரமான துருப்பிடித்த பகுதியின் படத்தையும், அச்சேதத்தால்தான் இப்பழுது ஏற்பட்டது என்பதற்கான தொழில்நுட்ப விளக்கத்தையும் எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். 7 நாளுக்குள் பதில் வராவிட்டால் உரிய அமைப்பில் முறையிடுவேன்."

இதைச் சேவை மையத்துக்கு மட்டும் அனுப்பாதீர்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்பு முகவரிக்கும், விற்ற கடைக்கும் சேர்த்தே அனுப்புங்கள்.

நிலைகொள்ளாதவன்

அனைவருக்கும் நன்றி. இரண்டாம் ஜாப் ஷீட்டைத் தேடி எடுத்தேன். மடித்து வைத்ததில் மை கொஞ்சம் மங்கியிருந்தாலும், "திரவத் தடயம்: இல்லை" என்று டிக் செய்து பொறியாளரே கையெழுத்திட்டிருக்கிறார். அந்தத் தாளின் படத்தோடு மேலே உள்ள கடிதத்தை அனுப்பினேன். ஐந்தாம் நாள் நிறுவனத்திலிருந்து ஒருவர் அழைத்தார். முதல்முறையாக, மூன்று புகார் எண்களையும் முன்னால் வைத்துக்கொண்டு பேசினார். துருவின் படம் கேட்டதற்கு அவரிடம் இருந்தது ஸ்டிக்கரின் படம் மட்டும்தான். அதிலும் ஸ்டிக்கர் விசைப்பலகையின் ஓரத்தில், மதர்போர்டிலிருந்து தள்ளி இருக்கிறது. கீல், கேபிள், திரை மூன்றையும் கட்டணமின்றி மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டார். ஆனால் ஒப்புதல் தாளில் "வாடிக்கையாளர் திருப்திக்காக ஒருமுறைச் சலுகை" என்று எழுதியிருக்கிறது. கையெழுத்திடலாமா?

பழைய கவுன்ட்டர்க்காரர்

வேண்டாம். சலுகை என்று எழுதிவிட்டால், அதே பழுது திரும்ப வரும்போது, "போன தடவையே வாரண்டி இல்லை, இரக்கப்பட்டுச் செய்தோம்" என்பார்கள். அந்த வரியை அடித்துவிட்டு, "வாரண்டிக் காலத்தில் தெரிவிக்கப்பட்ட பழுதுக்கான தொடர் பணி" என்று எழுதச் சொல்லுங்கள். மாற்றிய பாகங்களுக்கு எத்தனை நாள் வாரண்டி என்பதும் அதே தாளில் இருக்கட்டும். இன்னொன்று, பெற்றுக்கொள்ளும்போது புகாரை மூடுவதற்கான குறியீட்டெண் உங்கள் கைபேசிக்கு வரும். கவுன்ட்டரில் இருப்பவர் முதலில் அதைத்தான் கேட்பார். மூடியை எல்லாச் சாய்விலும் திறந்து மூடிப் பார்த்த பிறகு சொன்னால் போதும்.

நிலைகொள்ளாதவன்

வரியை மாற்றித் தந்தார்கள். பாகங்களுக்கு 90 நாள் என்றும் எழுதியிருக்கிறார்கள். நேற்று கணினியைப் பெற்றுக்கொண்டேன். நீங்கள் சொன்னதுபோலவே, பெட்டியைத் திறப்பதற்குள் குறியீட்டெண்ணைக் கேட்டார். கால் மணி நேரம் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெண்மணி, "உங்களுக்கும் ஸ்டிக்கர்தானா?" என்று கேட்டார்.